பாலத்துச் சங்கு

மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? நீயே பொங்கி நீயே தின்கிற சமையலை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நீ தூக்குப்பாலத்தைத் தூக்கி நிறுத்திய அன்றே டெலிபோனும் செத்துப்போனது. கம்பி பாலத்துக்கு அடியில்தான் ஓடுகிறதாம், கழற்றிவிட்டார்களாம். மருந்துப் படகில் தபாலும் போகும் என்று சொன்னார்கள். சரி என்று பேனாவைத் தேடி எடுத்தேன்.

உன் வாலு சௌக்கியம். சனி, ஞாயிறு அத்தை வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு வந்த பிள்ளை, இப்படி மாட்டிக்கொண்டாள். முதல் நாள் அழுதாள். இப்போது மாமாவின் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறேன் பேர்வழி என்று புருவம்வரை வெள்ளையாக வந்து நிற்கிறாள். மாற்றுத்துணி போதவில்லை, திரைச்சீலையை வெட்டி இரண்டு சட்டை தைத்தேன். "ஜன்னலைப் போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு அத்தை" என்கிறாள். வாய் அப்படியே உன் வாய்.

காய்ச்சல் எங்கள் கரையில்தான் அதிகம், அதனால்தான் உங்கள் ஊரார் பாலத்தைத் தூக்கச் சொன்னார்கள் என்பது தெரியும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிற எனக்குத் தெரியாதா? போர்வை மூட்டை மூட்டையாக வருகிறது. கையுறை, முகத்துணி எல்லாம் போட்டுக்கொள்கிறேன். நீ மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. தாயில்லாத பிள்ளை என்று நீ அவளைத் தாங்கியதில் ஒரு குறையும் இங்கே வராது.

உன் அக்கா

அப்பா, நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது பாலத்துக் கூண்டிலிருந்து இரண்டு குட்டிச் சங்கு ஊதுவீர்களே, அதைத் தினமும் சாயங்காலம் ஊதுங்கள். இங்கே கேட்கும். — வாலு


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், என் சமையலும் என்னைக் கொல்லவில்லை. நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

பதில் தாமதம் என்று திட்டாதே. அக்கரையிலிருந்து வருகிற தபாலை மருந்துக்கடைக்காரர் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, மருந்து தெளித்து, ஒரு வாரம் கழித்துத்தான் கொடுக்கிறார். காகிதத்தில் தொற்று ஒட்டிக்கொண்டு வருமாம். வருமோ வராதோ, ஊர்க் கமிட்டி தீர்மானம். அவர்தான் கமிட்டித் தலைவர்.

போன வாரம் கூட்டம். லாட்ஜ்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, "பாலத்து ஆளோட பொண்ணே அந்தப் பக்கம் இருக்கு. யாரும் பார்க்காதப்ப இறக்கிட்டா என்ன பண்றது?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து, "என் பொண்ணே வந்து நின்னாலும் இறக்க மாட்டேன்" என்றேன். கை தட்டினார்கள் அக்கா. இத்தனை வருஷம் என்னை அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்றுதான் தெரியும். இப்போது தெருவில் நிறுத்திப் பேசுகிறார்கள்.

சும்மா சங்கு ஊதக்கூடாதாம். ஊதினால் பாலம் இறங்குகிறது என்று ஜனங்கள் ஓடி வருகிறார்கள். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு, சக்கரமும் சங்கிலியும் துருப்பிடிக்காமலிருக்கப் பாலத்தை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். கமிட்டி ஆட்கள் காவல் நிற்பார்கள். அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, குறுக்கே கட்டியிருக்கிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் நில். குட்டிச் சங்கு என்றால் இறங்குகிறது, நீண்ட சங்கு என்றால் தூக்கப் போகிறோம் விலகிப் போ. அவளுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

உடம்பு, மனசு இரண்டையும் விசாரிக்கிறேன். இங்கே உடம்புக்குக் குறைவில்லை.

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வந்ததால் வந்து நின்றோம். கூண்டில் நீ கையை ஆட்டியதைப் பார்த்து உன் மகள் குதித்த குதியில் முன்னால் நின்றவரின் தொப்பி விழுந்தது. இறங்குவதற்கு ஒரு சங்கு போதும், நீ இரண்டு ஊதினாய். "எனக்கு, எனக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சபையில் பெரிய ஆளாகிவிட்டாய், சந்தோஷம். ஆனால் "என் பொண்ணே வந்து நின்னாலும்" என்பதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கலாம். எனக்கு முன்னால் அவள்தான் பிரித்துப் படித்தாள். பிறகு, "அப்பா சும்மா அவங்களுக்காகச் சொல்லியிருப்பாரு" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

சலவைக்கூடத்தில் வேலை ஏறிக்கொண்டே போகிறது. என்னோடு மடிக்கிற மேசையில் நின்ற ஒரு வயதான அம்மா இப்போது வருவதில்லை. கேட்டால் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு ஆளாக மடிக்கிறேன். பெரிய போர்வையின் இரண்டு முனையை ஒருத்தியே பிடித்து மடித்துப் பார், கோபம் கோபமாக வரும்.

உங்கள் ஊரில் எப்போது திறப்பதாகப் பேச்சு?

அக்கா


மே 8

அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே காய்ச்சல் இல்லை, வம்பு மட்டும் தாராளம்.

திறப்பது பற்றித்தான் தினமும் அடிதடி. பயணிகள் வராமல் லாட்ஜில் எலிதான் தங்கியிருக்கிறது, அதனால் லாட்ஜ்காரர் கட்சி மாறி இப்போது திறக்கச் சொல்கிறார். தலைமையாசிரியை, "பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கு வந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்காகத் தலையாட்டுகிறார். என்னையும் கமிட்டியில் சேர்த்துவிட்டார்கள். முன்வரிசையில் நாற்காலி.

எந்தப் பக்கம் என்று கேட்காதே. எங்கள் தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் அக்கரையில் மாட்டியிருக்கிறார். பார்க்கிற பார்வையே கேள்வி மாதிரி இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் மகளுக்காகப் பேசுகிறேன் என்பார்கள். அதனால் கம்மென்று இருக்கிறேன்.

வாலு உன்னிடம் இருப்பதால்தான் நான் தூங்குகிறேன். கொஞ்ச நாள் பொறு.

தம்பி


மே 21

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? நாங்கள் இருக்கிறோம்.

என் சமையலைப் பற்றி இந்த வீட்டில் புரட்சி நடக்கிறது. குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுகிறேனாம். வாலு ஒரு வாய் வைத்துவிட்டு, "அத்தை, கடலையே கொதிக்க வச்சிட்டீங்க" என்றாள். மாமா தண்ணீர் ஊற்றிக் கலந்து சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சரியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது.

இப்போது மாவு மூட்டை வைக்கிற பின்னறையில் படுத்துக்கொள்கிறேன். காற்று வரும் என்று. வாலு தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, ஓட்டல்காரன் மாதிரி, "சூடா இருக்கு, சீக்கிரம் எடுங்க" என்று கத்திவிட்டு ஓடுகிறாள். அதை ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறோம். சலவைக்கூடத்தில் கொஞ்ச நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம். கமிட்டியில்தான் இருக்கிறாயே, ஒரே ஒரு பிள்ளையை அழைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டுப் பாரேன். இங்கே வீடு சின்னது. அவளுக்கும் படிப்பு வீணாகிறது. உன் ஞாபகமாகவே இருக்கிறாள். கேட்டுப் பார் தம்பி, தள்ளிப்போடாதே.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

சௌக்கியம், சௌக்கியம் கேட்கிறேன். கடிதம் படித்து நன்றாகச் சிரித்தேன். கல்யாணத்துக்கு முன்பு உன் குழம்பில் உப்பே இருக்காது, அப்பா தேடித் தேடிப் போட்டுக்கொள்வார். இத்தனை வருஷப் பாக்கியை இப்போது சேர்த்துப் போடுகிறாய் போல.

நீ சொன்னதைக் கேட்கிற நேரம் பார்த்துக் கேட்கிறேன். இந்த வாரம் சரியில்லை. போன கூட்டத்தில் ஒருவர் தன் அம்மாவை அழைத்துவரக் கேட்டு, அவரை உட்கார்த்திவைத்துவிட்டார்கள். "ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அதைச் சொன்ன வாயால் உடனே எப்படிக் கேட்பது? கொஞ்சம் ஆறட்டும்.

வீடு சின்னது என்று இத்தனை நாள் தோன்றாதது இப்போது தோன்றுகிறதா? பிள்ளை தொந்தரவு செய்தால் முதுகில் இரண்டு வை. வருகிற ஞாயிறு பாலம் இறங்கும். வந்து நில்லுங்கள்.

தம்பி


ஜூன் 5
(படகுக்காரர் மூலம், கையில்)

தம்பி,

இதைப் பெட்டியில் போடாமல் உன் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

எனக்குக் காய்ச்சல். எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மூச்சு ஏறி இறங்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இடமில்லை, வீட்டிலேயே இரு என்றார்கள். வாலுவை டாக்டர் பார்த்தார், அவளுக்கு இதுவரை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்குமேல் இந்த வீட்டில் அவளை வைத்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாலம் இறங்கியதும் கயிற்றுக்கு அடியில் அனுப்புகிறேன். நடந்து வந்துவிடுவாள். அவள் வந்து சேரும்வரை தூக்காதே. நீண்ட சங்கு மட்டும் ஊதாதே, அவள் பயந்துவிடுவாள். உன் கூண்டுக்குக் கீழே எண்ணெய் டப்பா வைக்கிற அறை இருக்கிறதே, அதில் தனியாக வை, யாரோடும் சேர்க்காதே. ஊர் என்ன சொன்னாலும் பிள்ளையைத் தூக்கித் தண்ணீரில் போடமாட்டார்கள். திட்டுவார்கள், நீ வாங்கிக்கொள்.

இதுவரை உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா


ஜூன் 7

அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்றைக்கு என் உயிர் பாதி போய்விட்டது.

ஏன் அவளை ஓட விட்டாய்? பாலம் இறங்கி உட்கார்ந்த உடனே கயிற்றுக்கு அடியில் குனிந்து ஒரு பிள்ளை வருகிறது. பார்த்தால் நம் வாலு. இந்தப் பக்கம் கமிட்டி மொத்தமும் நிற்கிறது. "தூக்கு, தூக்கு" என்று ஒரே கூச்சல். மருந்துக்கடைக்காரர் தடியை எடுத்துக்கொண்டு குறுக்கே ஓடினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, நீண்ட சங்கு ஊதினேன்.

நடுப்பாலத்தில் நின்றுவிட்டாள். கூண்டைப் பார்த்தாள். திரும்பிப் போ என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மறுபடி ஊதினேன். அப்புறம்தான் திரும்பினாள். பாலம் இணைகிற இடுக்கில் காலை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எதற்காகப் பையோடு வந்தாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அவளைத் திட்டாதே. அடுத்த மாதம் கயிற்றுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நில்.

தம்பி


ஜூன் 15

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உடனே எழுது. உன் கைக்கடிதம் இன்றுதான் கிடைத்தது. படகுக்காரர் மற்ற தபாலோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. ஒரு வாரம் உள்ளே கிடந்திருக்கிறது. படித்ததிலிருந்து கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

முன்பே தெரிந்திருந்தால் நான் சங்கில் கை வைத்திருப்பேனா? நீயே சொல். அந்தப் பாழாய்ப்போன பெட்டியால் வந்த வினை.

மாத்திரை அனுப்பியிருக்கிறேன், மருந்துக்கடைக்காரரே காசு வேண்டாம் என்றார். நன்றாகச் சாப்பிடு. வாலுவை உன் பக்கம் விடாதே.

தம்பி


ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

எழுத்தைப் பார்த்து மிரளாதே. கதவுக்கு உள்ளே இருந்து நான் சொல்லச் சொல்ல, வெளியே உட்கார்ந்து வாலு எழுதுகிறாள். நீ நன்றாக இருக்க வேண்டும். மாத்திரை வந்தது.

பாலத்திலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள் இவளுக்கும் காய்ச்சல் வந்தது. பயப்படாதே, போய்விட்டது. மாமா கடையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நடமாடுகிறாள். தலைமுடிதான் கொஞ்சம் கொட்டுகிறது, வளர்ந்துவிடும். சமையல் இப்போது இவள் கையில். உப்பு சரியாக இருக்கிறதாம், மாமா சொன்னார்.

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. பெட்டியில் மாட்டிக்கொண்டதற்கு நீ என்ன செய்வாய்? படகுக்காரருக்கும் வயதாகிவிட்டது, மறந்திருப்பார். அவர்மேலும் கோபப்படாதே, உன்மேலும் கோபப்படாதே. அன்றைக்கு இவள் வந்திருந்தால் காய்ச்சலும் கூடவே வந்திருக்கும், உங்கள் ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிடித்திருக்குமோ. அப்படி நினைத்துக்கொள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கூண்டில் ஈரக்காற்றில் உட்காராதே, சின்ன வயதிலிருந்தே உனக்குச் சளி.

உன் அக்கா


ஆகஸ்ட் 11

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முடி வளர்ந்துவிட்டதா? சாப்பாடு இறங்குகிறதா?

மாமா போட்ட கார்டு ஜூலையில் வந்தது. இரண்டே வரி. அத்தை போய்விட்டாள், ஆஸ்பத்திரி ஆட்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்களுக்குக் காட்டவில்லை என்று எழுதியிருந்தார். அதை வைத்துக்கொண்டு கூண்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. எனக்கு இருந்தது ஒரே அக்கா.

பாலம் திறந்தாகிவிட்டது, உனக்கே தெரிந்திருக்கும். லாட்ஜ்காரர்தான் ரிப்பன் வெட்டினார். மருந்துக்கடைக்காரர் எனக்குச் சால்வை போட்டு, ஊரைக் காப்பாற்றியவன் என்று பேசினார். கை தட்டினார்கள். தகரப் பெட்டியை எடுத்துப்போட்டுவிட்டார்கள். டெலிபோன் கம்பி இன்னும் மாட்டவில்லை.

நானே வந்து உன்னை அழைத்து வந்திருப்பேன். விட்டதையெல்லாம் பிடிக்கிற மாதிரி லாரியும் பஸ்ஸும் ஓடுகின்றன, கூண்டை விட்டு இறங்க முடியவில்லை. உனக்குத் தெரியாத பாலமா, நடந்து வந்துவிடு. பள்ளிக்கூடம் அடுத்த வாரம் திறக்கிறது. உன் கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன். மாமாவைத் தனியாக விட மனமில்லை என்றால் அவரையும் வாரம் ஒருமுறை வந்து போகச் சொல்.

தினமும் சாயங்காலம் உனக்காக இரண்டு குட்டிச் சங்கு ஊதுகிறேன். இப்போது யாரும் தடுப்பதில்லை. கேட்கிறதா?

அப்பா


ஆகஸ்ட் 19

அப்பாவுக்கு,

நானும் மாமாவும் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? என்ன எழுதினாலும் முதலில் இதைக் கேட்க வேண்டும் என்று அத்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அத்தை சொல்லி நான் எழுதிய கடைசிக் கடிதத்துக்கு நாலு நாள் முன்னால் படகுக்காரத் தாத்தா ரொட்டி வாங்க வந்தார். மாமா அவரைப் பிடித்துக்கொண்டார். "கையில குடுன்னு சொன்னா பெட்டியில போட்டுட்டியே, பெரிய மனுஷனா நீ?" என்று திட்டினார். தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருய்யா பெட்டியில போட்டது? சனிக்கிழமையே கூண்டுப் படிக்குக் கீழ நின்னு அவர் கையிலதான் குடுத்தேன். பிரிச்சுப் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, சரின்னு சொல்லிட்டு மேல ஏறிட்டாரு" என்றார்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. அத்தைக்குக் கேட்டது.

தாத்தா போனதும் என்னைக் கூப்பிட்டார். "உங்கப்பாகிட்ட இதைக் கேட்டு எழுதாத. பயந்துட்டான், அவ்வளவுதான். சின்ன வயசுலயும் இப்படித்தான்" என்றார். அப்புறம்தான் கடிதம் சொல்ல ஆரம்பித்தார். படகுக்காரருக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று எழுதச் சொன்னபோது நான் எழுதவில்லை. "எழுதுடி" என்றார். எழுதினேன்.

நீங்கள் ஊதியது சரியாகக்கூட இருக்கலாம் அப்பா. எனக்குள் காய்ச்சல் இருந்தது, நான் வந்திருந்தால் யாராவது செத்திருக்கலாம். அத்தையும் அதைத்தான் சொன்னார். அப்படி நினைத்துத்தான் ஊதினேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் அத்தை படித்திருப்பார். நான் நடுப்பாலத்தில் நின்றபோது, உங்களுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது, தெரிந்தால் ஊதமாட்டீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

கடையை மறுபடி திறந்துவிட்டோம். மாமாவுக்கும் காய்ச்சல் வந்து போனதில் இன்னும் மூச்சு வாங்குகிறது, மூட்டை தூக்க முடியவில்லை. மாவு பிசைவது நான். இந்தக் கரையிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, மாமா பேர் கொடுத்துவிட்டு வந்தார். அதனால் நான் இப்போது வரவில்லை. எப்போது என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள், ஈரத்தில் கெட்டுவிடும்.

சாயங்காலம் நீங்கள் ஊதுகிற சங்கு இங்கே நன்றாகக் கேட்கிறது. இனிமேல் ஊத வேண்டாம் அப்பா. ராத்திரி முழுக்க அடுப்பில் நிற்பதற்கு முன்னால் மாமா தூங்குகிற நேரம் அது.

வாலு